ஆறு பென்னி கட்டிய மாளிகை: கிரீனிச் மாலுமிகள் இல்லம், ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டனின் தென்கிழக்கில், தேம்ஸ் ஆறு வளையும் இடத்தில், கிரீனிச் கரையில் நான்கு பெரிய வெள்ளைக் கட்டடங்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கின்றன. அக்கரையிலிருந்து பார்க்கிறவர்கள் அரண்மனை என்றே நினைப்பார்கள். அரசர் எவரும் அதில் குடியிருந்ததில்லை. கை இழந்தவர்கள், கால் இழந்தவர்கள், வயதாகிக் கயிறு பிடிக்க முடியாமல் போன கடற்படை மாலுமிகள் ஆகியோர் 1705 முதல் 1869 வரை குடியிருந்த இல்லம் இது. ஆங்கிலத்தில் இதன் பெயர் ராயல் ஹாஸ்பிடல். ஆனால் அந்தக் காலத்து ‘ஹாஸ்பிடல்’ என்ற சொல்லுக்கு நம் ‘சத்திரம்’தான் நெருங்கிய பொருள். சோறு, துணி, படுக்கை, நோய் வந்தால் வைத்தியம், இறந்தால் அடக்கம் என எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்த சத்திரம்.

பழைய படைவீரர் மருத்துவமனை வளாகங்கள் உலகெங்கும் காலியாகி வருகின்றன. அவற்றை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு கிரீனிச்சின் முந்நூறு ஆண்டு அனுபவத்தை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வழக்கமாகச் சொல்லப்படும் கதை அரசியையும் கட்டடக் கலைஞரையும் சுற்றியே நிற்கும். எனக்கு இந்த வளாகத்தின் திறவுகோல், ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலிருந்தும் மாதாமாதம் பிடிக்கப்பட்ட ஆறு பென்னி. பணம் யாருடையது என்ற கேள்வியை விட்டுவிட்டால் இந்த இடத்துக்கு நடந்த நல்லதும் கெட்டதும் புரியாது.

தொடக்கம்

1692 மே மாதம் பிரெஞ்சுக் கப்பற்படையோடு நடந்த லா ஹோக் சண்டையில் இங்கிலாந்து வென்றது. காயம்பட்டு கரைக்கு வந்தவர்களின் நிலையைக் கண்ட அரசி இரண்டாம் மேரி, கிரீனிச்சில் பாதியில் நின்றிருந்த அரச கட்டடத்தை அவர்களுக்குக் கொடுக்க முடிவு செய்தார். எட்டாம் ஹென்றியும் முதலாம் எலிசபெத்தும் பிறந்த பழைய அரண்மனை அந்த இடத்தில்தான் இருந்தது. அதை இடித்துவிட்டு இரண்டாம் சார்லஸ் புதிதாக ஒன்றைத் தொடங்கி, ஒரு பகுதியோடு நிறுத்தியிருந்தார். இல்லத்தை நிறுவிய சாசனம் 1694 அக்டோபர் 25-ஆம் தேதியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மேரி அம்மை கண்டு இறந்தார். அவர் நினைவாகவே கணவர் மூன்றாம் வில்லியம் வேலையைத் தொடர்ந்தார்.

வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் ரென். இந்த வேலைக்கு அவர் ஊதியம் வாங்கவில்லை. நடுவில் பெரிய குவிமாடம் வைத்து ஒரே கட்டடமாக எழுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் பின்னால் இருந்த அரசியின் மாளிகையிலிருந்து ஆற்றைப் பார்க்கும் பார்வை மறையக் கூடாது என்பது மேரியின் நிபந்தனை. ஆகவே சுமார் 115 அடி அகலத்துக்கு நடுவே ஒரு பட்டை வெறுமையாக விடப்பட்டு, கட்டடம் இரண்டாகப் பிளந்தது. இன்று அந்த இடைவெளிதான் வளாகத்தின் உயிர். அந்த வழியில் நிற்கிறவரின் கண் ஆற்றிலிருந்து புல்வெளி, சிறிய வெள்ளை மாளிகை, அதற்குப் பின்னால் குன்று, குன்றின் மேல் வான் ஆய்வுக்கூடம் என்று ஒரே கோட்டில் ஏறிப்போகும். பிற்காலத்தில் யார் யாரோ வந்து குடியேறியும் அந்த நடுப்பட்டையை ஒருவரும் அடைக்கவில்லை.

1696 ஜூன் 30 மாலை ஐந்து மணிக்கு அடிக்கல் நாட்டினார்கள். குன்றின் மேலிருந்த அரசு வானியலாளர் ஃப்ளாம்ஸ்டீட் கருவி வைத்து நேரத்தைக் குறித்துக் கொடுத்தார். பொருளாளராக இருந்த ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். பிறகு வேலை நின்று நின்று நகர்ந்து, 1751-இல்தான் முழுமை பெற்றது.

காசு வந்த வழி

அரசரின் கொடை ஓரளவே. தூக்கிலிடப்பட்ட கடற்கொள்ளையர் கேப்டன் கிட் விட்டுச் சென்றதில் 6,000 பவுண்டுக்கு மேல் இங்கே வந்தது. அரசுக்கு எதிராகக் கிளர்ந்து தலை இழந்த டெர்வென்ட்வாட்டர் பிரபுவின் வட இங்கிலாந்து நிலங்களும் ஈயச் சுரங்கங்களும் 1735-இல் இல்லத்துக்கு எழுதி வைக்கப்பட்டன. இவையெல்லாம் அவ்வப்போது வந்தவை. நின்று நிலைத்து வந்த வரும்படி மாலுமியின் ஆறு பென்னி.

அன்று போர்க்கப்பலில் தேர்ந்த மாலுமியின் மாதச் சம்பளம் 24 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு கைக்கு வருமுன்பே கழிந்துவிடும். கடற்படை மாலுமிக்கு அதில் பெரிய குறையில்லை. வயதானால் தானும் போய் ஒண்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் அதே ஆறு பென்னியை வணிகக் கப்பல் மாலுமிகளிடமும் பிடித்தார்கள். வசூலிக்கத் தனி அலுவலகமே இருந்தது. நிலக்கரி ஏற்றியவனும், சர்க்கரை ஏற்றியவனும், உப்பு மீன் ஏற்றியவனும் கட்டினான். எதிரியிடமிருந்து தன் கப்பலைக் காக்கும்போது ஊனமானவர்கள் போன்ற சிலரைத் தவிர, அவர்களுக்கு கிரீனிச் கதவு திறக்கவில்லை. 1834-இல் இந்தப் பிடித்தம் ஒழிக்கப்படும் வரை ஏறத்தாழ 138 ஆண்டுகள், தாங்கள் நுழைய முடியாத மாளிகைக்கு அவர்கள் கல் வாங்கிக் கொடுத்தார்கள். இதை அநியாயம் என்றே நான் சொல்வேன். இந்தக் கணக்கு ஓரளவு நேரானது எப்போது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

உள்ளே இருந்த வாழ்க்கை

1705-இல் முதல் 42 பேர் வந்தார்கள். நெப்போலியன் போர்களின் கடைசியில், 1814-இல், எண்ணிக்கை 2,710 ஆனது. நீலக் கோட்டு, மூன்று முனைத் தொப்பி. நீண்ட கூடங்களில் மரத் தடுப்பு வைத்து ஆளுக்கொரு சிறு அறை. கப்பலில் தொங்குபடுக்கையில் ஒருவன் தோள் இன்னொருவன் மேல் இடிக்கப் படுத்தவர்களுக்கு, சொந்தமாக ஒரு கதவு என்பது பெரிய வாழ்வுதான். ரொட்டி, இறைச்சி, பாலாடைக்கட்டி, நாளுக்கு இரண்டு லிட்டருக்கும் மேல் பீர். நோயாளிகளைக் கவனித்த பெண்கள் கடலில் இறந்த மாலுமிகளின் விதவைகள். அந்த வேலையும் ஒருவகையில் அந்தக் குடும்பங்களுக்கான ஆதரவாகவே வைக்கப்பட்டிருந்தது.

குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் நீலக் கோட்டைக் கழற்றி மஞ்சள் கோட்டு மாட்டிவிடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு எல்லார் கண்ணெதிரிலும் முற்றம் பெருக்க வேண்டும். சண்டையில் காலைக் கொடுத்த கிழவருக்கு அது எத்தனை அவமானமாக இருந்திருக்கும்!

பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓவியம் தீட்ட ஜேம்ஸ் தார்ன்ஹில்லை அமர்த்தினார்கள். விதானத்துக்குச் சதுர கஜம் 3 பவுண்டு, சுவருக்கு 1 பவுண்டு. 1707 முதல் 1726 வரை 19 ஆண்டுகள் வேலை நடந்தது. மொத்தக் கூலி 6,685 பவுண்டு. மேடைச் சுவரின் ஓரத்தில் தன்னையும் வரைந்திருக்கிறார், கையை நீட்டியபடி. கூலி பாக்கியைக் கேட்கிறார் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் என்னைத் தொடுவது விதானத்தில் இருக்கும் வேறொரு முகம். நான்கு பருவங்களில் குளிர்காலத்துக்கு உருவம் தேவைப்பட்டபோது, இல்லத்திலேயே இருந்த ஜான் வோர்லி என்ற முதியவரை மாதிரியாக உட்கார வைத்தார். 90 வயதைத் தாண்டியவர், நரைத்த நீண்ட தாடி, குடித்துத் திட்டி ஏச்சு வாங்கியவர் என்று இல்லத்துப் பதிவே சொல்கிறது. அரசரும் அரசியும் தேவதைகளும் நிறைந்த அந்த விதானத்தில், இந்த வீட்டுக்கு உண்மையிலேயே உரியவர்களில் ஒருவரின் முகமும் ஏறிவிட்டது.

ஓவியம் முடிந்ததும் கூடம் சாப்பிட முடியாத அளவுக்கு அழகாகிவிட்டது என்று முடிவாகி, மாலுமிகளைக் கீழே நிலவறைக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாடு கீழே, பார்வையாளர்கள் மேலே. முதியவர்களில் சிலர் வந்தவர்களுக்குக் கூடத்தைச் சுற்றிக் காட்டிச் சில்லறை சேர்த்தார்கள். 1806 ஜனவரியில், ட்ரஃபால்கர் கடற்சண்டையில் இறந்த கடற்படைத் தளபதி நெல்சனின் உடலை இந்தக் கூடத்தில்தான் மூன்று நாள் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஆயிரமாயிரமாகக் கூட்டம் நெரித்தது.

இல்லத்தின் மானத்தைக் காக்க ஒருவர் தன் பதவியை விலையாகக் கொடுத்த கதையும் இருக்கிறது. இல்லத்தின் துணை ஆளுநர் கேப்டன் தாமஸ் பெய்லி, மாலுமிகளுக்கு மட்டமான இறைச்சியும் தண்ணீர் கலந்த பீரும் கொடுக்கப்படுவதையும், கடலையே பார்க்காதவர்கள் அரசியல் சிபாரிசில் பதவிகளில் உட்கார்ந்திருப்பதையும் எழுதி 1778-இல் அச்சிட்டுக் கொடுத்தார். அவருடைய விரல் கடற்படை அமைச்சர் சாண்ட்விச் பிரபுவை நோக்கி நீண்டது. உடனே வேலையிலிருந்து நிறுத்தி, அவதூறு வழக்குப் போட்டார்கள். பெய்லிக்காக வாதாடியவர்களில் கடைசியாக எழுந்தவர் தாமஸ் எர்ஸ்கின். புதிதாக வழக்கறிஞரானவர், அதுதான் முதல் வழக்கு, முன்பு தானும் கடற்படையில் இருந்தவர். சாண்ட்விச் பிரபுவின் பெயரை அவர் எடுத்தபோது, அவர் நீதிமன்றத்தின் முன் இல்லை என்று நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு தடுத்தார். அப்படியானால் நானே அவரை முன்னால் கொண்டுவருகிறேன் என்ற பொருளில் எர்ஸ்கின் தொடர்ந்தார். வழக்கு தள்ளுபடியானது. எர்ஸ்கினுக்குப் பேர் கிடைத்தது. பெய்லிக்கு அந்தப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை.

காலியானது எப்படி

1815-க்குப் பிறகு பெரிய போர் இல்லை. புதிதாக வருகிறவர்கள் குறைந்தார்கள். அதைவிட ஆழமான காரணம் வேறு. மனைவியை உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. வேலை இல்லை. காலையில் எழுந்து தூண்வரிசை நடையில் உட்கார்ந்து ஆற்றில் போகும் கப்பலைப் பார்ப்பதுதான் நாள் முழுக்க. கல் தூணும் சலிப்பும் சேர்ந்த வாழ்க்கை. கடைசிக் காலத்தில் அவர்களுக்காக நிலவறையில் போடப்பட்ட, உருண்டையால் மரக்கட்டைகளை வீழ்த்தும் ஸ்கிட்டில்ஸ் ஆட்டத்தின் தடம் இன்றும் இருக்கிறது. கனமான மர உருண்டையை உருட்டி விட்டால் அந்தச் சத்தம் கல் வளைவில் மோதித் திரும்பும்.

1865-இல் சட்டம் மாறியது. வீட்டுக்குப் போகிறீர்களா, பென்ஷனை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பெரும்பாலானவர்கள் மூட்டை கட்டினார்கள். ஓவியக் கூடமும் தூண்வரிசையும் அவர்களைத் தடுக்கவில்லை. சொந்த ஊரில் பேரப்பிள்ளை பக்கத்தில் ஒரு அறை கிடைத்தால் போதும் என்று போய்விட்டார்கள். 1869-இல் இல்லம் மூடப்பட்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். மூடப்பட்டது கட்டடம் மட்டுமே. அறநிதி மூடப்படவில்லை. நிலமும் முதலும் கிரீனிச் ஹாஸ்பிடல் என்ற அதே பெயரில் தொடர்ந்தன. வரும்படி மாலுமிகளின் பென்ஷனுக்கும், விதவைகளுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் போனது. அந்த அறநிதி நடத்தும் பள்ளி 1933-இல் சஃபோக்கின் ஹோல்ப்ரூக்குக்கு இடம் மாறி இன்றும் நடக்கிறது. பல ஊர்களில் படைவீரர் வளாகம் காலியாகும்போது கடமையையும் சேர்த்துக் கைகழுவிவிடுவார்கள். கிரீனிச்சில் கட்டடத்திலிருந்து கடமையைப் பிரித்தெடுத்து முதலில் பத்திரப்படுத்தினார்கள். மறுபயன்பாடு பற்றிய பேச்சு அதற்குப் பின்னால்தான் வந்தது. இந்த வளாகத்திடமிருந்து கற்க ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் இந்த வரிசையைத்தான் எடுப்பேன்.

கைமாறிய கட்டடங்கள்

முதலில் மருத்துவப் பகுதி. தேம்ஸில் நிறுத்தியிருந்த பழைய போர்க்கப்பல்களில் 1821 முதல் வணிக மாலுமிகளுக்காக ஒரு மருத்துவமனை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பல்களில் ஒன்று ட்ரஃபால்கர் சண்டையில் கலந்துகொண்ட ட்ரெட்நாட். ஈரமும் இருட்டுமான கப்பலில் நோயாளிகளை வைத்திருப்பது தகாது என்று புரிந்தபோது, 1870-இல் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து இல்லத்தின் பழைய மருத்துவக் கட்டடத்தில் சேர்த்தார்கள். ஆறு பென்னி கட்டியும் உள்ளே வர முடியாத வணிக மாலுமிகளின் வாரிசுகள், பிடித்தம் நின்று 36 ஆண்டுகள் கழித்து, அந்த வாசலுக்குள் நோயாளிகளாக நுழைந்தார்கள். எந்த நாட்டுக் கப்பலானாலும் மாலுமி என்றால் சேர்த்துக்கொண்ட இடம் அது. லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் துணைக்கண்டத்துக் கப்பல் தொழிலாளர்களும் அங்கே வைத்தியம் பெற்றிருக்கிறார்கள். 1986 வரை ட்ரெட்நாட் மருத்துவமனை அங்கே இயங்கியது.

நான்கு பெரிய கட்டடங்களுக்கு 1873-இல் அரச கடற்படைக் கல்லூரி வந்தது. காலியாகக் கிடந்தது நான்கே ஆண்டுகள். கட்டடங்களை அழிப்பது வயதைவிடப் பூட்டுதான் என்பதைப் பழைய கட்டடங்களோடு பழகியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். கூரையில் ஓர் ஈயத்தகடு நழுவினால் பார்க்க ஆளிருக்க வேண்டும். கல்லூரி 125 ஆண்டு அந்த ஆளாக இருந்தது. ஓவியக் கூடத்தில் 1939-இலிருந்து மீண்டும் சாப்பாட்டு மேசைகள் வந்தன. இந்த முறை அதிகாரிகளுக்கு. இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் பெண்கள் பிரிவு அதிகாரிகள் இங்கேதான் பயிற்சி பெற்றார்கள்.

அதே கல்லூரி 1962-இல், நான்கு கட்டடங்களில் ஒன்றான கிங் வில்லியம் கட்டடத்துக்குள் ஜேசன் என்ற சிறிய அணு உலையையும் இயக்கத் தொடங்கியது. 10 கிலோவாட் திறன். நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்காக. ஓவியக் கூடம் இருக்கும் அதே கட்டடத் தொகுதி, சுற்றிலும் மக்கள் நெருங்கி வாழும் ஊர். 1996-இல் நிறுத்தி, 1999-க்குள் எரிபொருளையும் உலையையும் அகற்றி, சாதாரணப் பயன்பாட்டுக்கு விடலாம் என்ற நிலைக்குச் சுத்தம் செய்தார்கள். தடயமே இல்லாமல் எடுக்க முடிந்தது நல்லதுதான். ஆனாலும் அதை அங்கே வைத்திருக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

1995: விற்பனைப் பலகை

பனிப்போர் முடிந்து படைச் செலவைக் குறைத்தபோது கல்லூரி போவது உறுதியானது. 1995-இல் பாதுகாப்பு அமைச்சகம், சொத்துத் தரகு நிறுவனம் ஒன்றின் மூலம், வளாகம் குத்தகைக்கு என்று வழவழ தாளில் விளம்பரக் கையேடு வெளியிட்டது. நாடே கொதித்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற தொனிதான் மக்களைச் சுட்டது. அந்தக் கோபம் இல்லாமல் இருந்திருந்தால் இன்று நாம் வாசலில் காவலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருப்போம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு வந்த ஏற்பாடு நிதானமானது. 1997-இல் ஒரு தனி அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அதே ஆண்டு கிரீனிச்சின் கடல்சார் வளாகம் முழுவதும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. நிலம் பழைய அறநிதியின் பெயரிலேயே இருக்க, 1998-இல் அறக்கட்டளை 150 ஆண்டுக் குத்தகையில் பொறுப்பேற்றது. கட்டடங்களின் பெரும்பகுதி கிரீனிச் பல்கலைக்கழகத்துக்குப் போனது. கிங் சார்லஸ் கட்டடம் 2001-இல் டிரினிட்டி இசைக் கல்லூரிக்கு. ஓவியக் கூடமும், 1779 தீயில் எரிந்து மறுபடி எழுந்த தேவாலயமும், முற்றங்களும், ஆற்றங்கரையும் அறக்கட்டளையிடமே.

முழு வளாகத்தையும் ஒரே கை பிடித்திருக்க, அறைகளைப் பல கைகள் பயன்படுத்துகின்றன. வகுப்பறைக்குத் தேவையான அகலமும் வெளிச்சமும் பழைய மாலுமிக் கூடங்களில் ஏற்கெனவே இருந்ததால் சுவரை அதிகம் உடைக்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனையைச் சொகுசுக் குடியிருப்பாக மாற்றும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறை, கழிப்பறை, குழாய் என்று உள்ளே குடைந்து தள்ளுவார்கள். கல்விக்கு அது தேவைப்படுவதில்லை. ட்ரெட்நாட் கட்டடம் சில காலம் பல்கலைக்கழக நூலகமாக இருந்து, இப்போது மாணவர் மையமாக இருக்கிறது. மதிய நேரத்தில் கிங் சார்லஸ் முற்றத்தைக் கடந்தால் ஒரு ஜன்னலிலிருந்து டிராம்போனும் இன்னொன்றிலிருந்து சோப்ரானோ குரலும் வரும். ஆற்றங்கரை வழியாக நாயோடு நடப்பவருக்கும் சைக்கிள் தள்ளிப்போகும் சிறுவனுக்கும் கட்டணமில்லாமல் முற்றம் திறந்திருக்கிறது.

பராமரிப்புக்குப் பணம் ஓயாது வேண்டும். வாடகை, படப்பிடிப்பு, விருந்துகள், ஓவியக் கூடத்து நுழைவுச் சீட்டு ஆகியவை அதைக் கொண்டுவருகின்றன. 2016 முதல் 2019 வரை 85 லட்சம் பவுண்டு செலவில் ஓவியக் கூடத்தைச் சீரமைத்தபோது, சாரம் கட்டியதும் மக்களை வெளியே நிறுத்தாமல் அந்தச் சாரத்தின் மேலேயே ஏற்றிக் கூட்டிப்போனார்கள். மூன்று நூற்றாண்டாகக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததை முகத்துக்கு நேரே பார்க்கக் கிடைத்தது. 2017-இல் கீழ்த்தளத்தைத் தோண்டியபோது பழைய அரண்மனையின் இரண்டு அறைகள் தென்பட்டன. மெருகிட்ட ஓடு பதித்த தரை, சுவரில் தேனீக் கூடை வைத்திருக்கலாம் எனக் கருதப்படும் மாடங்கள். அதை மூடிவிடாமல் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

எனக்குள்ள குறை

இத்தனை நல்லதுக்கு நடுவே, அங்கு வாழ்ந்த மாலுமிகளின் இடம் சிறுத்துப் போயிருக்கிறது. கையேட்டைத் திறந்தால் ரென், தார்ன்ஹில், நெல்சன், ஹென்றி. ஆறு பென்னி எங்கோ ஓர் ஓரத்தில் வரும். வளாகத்தின் இடுகாட்டில் 1749 முதல் 1856 வரை சுமார் 20,000 பேர் புதைக்கப்பட்டார்கள். ட்ரெட்நாட் பக்கத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்தவர்களில் 107 பேரின் எலும்புகளை ஆராய்ந்தார்கள். வெட்டி எடுக்கப்பட்ட கால், முறிந்து கோணலாகவே கூடிய எலும்பு, காய்கறி இல்லாத கடற்பயணத்தில் வரும் ஸ்கர்வி என்ற சத்துக்குறை நோய். சம்பளப் பட்டியலில் ஆறு பென்னிக் கழிவாக மட்டுமே தெரிகிறவர்களின் உடம்பு அது. பெரிய எழுத்தில் அங்கே சொல்லப்பட வேண்டியது இதுதான் என்பது என் கோரிக்கை.

1870-களில் கிரீனிச்சுக்கு அடியில் ரயில் சுரங்கம் போட்டபோது, குறுக்கே வந்த கல்லறைகளிலிருந்து சுமார் 1,500 பேரின் மிச்சங்களை எடுத்து, கிழக்கே ஒரு மைல் தூரத்தில் இருந்த இல்லத்தின் புதிய இடுகாட்டில் மறுபடி புதைத்தார்கள். ஈஸ்ட் கிரீனிச் ப்ளெசன்ஸ் என்று அந்த இடத்துக்குப் பெயர். இப்போது அது பூங்கா. குழந்தைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள், மதிலோரம் மாலுமிகளின் கல்லறைக் கற்கள் சாய்ந்து நிற்கின்றன. கிரீனிச் போகிறவர்கள் ஓவியக் கூடத்தில் வோர்லியின் தாடியை அண்ணாந்து பார்த்தபின், இருபது நிமிடம் நடந்து இங்கேயும் போய் வரலாம்.